குமரிக் கரையில் காலாற நடக்க

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர் நீளம். கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே கேரள எல்லையை ஒட்டிய நீரோடி வரை நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓர் ஊரின் கடைசி வள்ளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் அடுத்த ஊரின் முதல் வள்ளம் கண்ணில் படும். நடப்பதற்கென்று இங்கே யாரும் பாதை போடவில்லை. அம்புக்குறி கிடையாது, தூரம் சொல்லும் கல் கிடையாது. மணலே பாதை. தார்ச்சாலை வருவதற்கு முன்பு ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குச் சம்பந்தம் பேசப் போனவர்களும், திருவிழாவுக்குப் போனவர்களும், சாவு வீட்டுக்கு ஓடியவர்களும் ஈர மணலில்தான் போனார்கள். 1544-ல் பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராகச் சென்று ஞானஸ்நானம் கொடுத்ததும் இந்தக் கரையில்தான்.

ஆகவே மணல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நடையும் இருக்கிறது. இந்தக் கரையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கன்னியாகுமரியிலிருந்து குளச்சல் வரையிலான பாதியில் அகலமான மணல் இன்னும் பல இடங்களில் மிச்சமிருக்கிறது. குளச்சலுக்கு மேற்கே பெரும்பாலும் கருங்கல் சுவர்தான். காலாற நடக்க வருபவர்கள் கிழக்குப் பாதியைச் சிறு சிறு துண்டுகளாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். மலையேற்றம் இல்லை, மூச்சு வாங்கும் இடம் இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் சேர்ந்தே நடக்கலாம்.

சுலபம் என்றாலும் மணலின் குணம் தெரிந்திருக்க வேண்டும். மெரினாவைப் போலப் பரந்து படுத்த கரை இல்லை இது. பல இடங்களில் மணல் பருக்கையாக இருக்கும். கடலை நோக்கிச் சட்டென்று சரியும். அலை வந்து போகும் சரிவில் நடந்தால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழும். ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் கடல் பக்கத்துக் கணுக்கால் வலிக்கத் தொடங்கும். சரிவு முடிந்து கரை தட்டையாகும் விளிம்பில், அடம்பங்கொடி படரத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நடப்பது நல்லது. அங்கே மணல் ஓரளவு இறுகியிருக்கும், பாதம் புதையாது. அதற்கும் மேலே ஏறினால் சுடுமணலும் ராவணன் மீசையும்தான். அந்தப் புல்லின் முள் செருப்பு போடாத காலைப் பதம் பார்த்துவிடும். ஏற்ற இறக்கக் கணக்கு இந்தக் கரையில் பெரிதாகத் தேவையில்லை. கடல் மட்டத்தின் அன்றாட வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வற்றம் இருக்கும் நேரத்தில் ஈர மணல் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

பருவம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கிளப்பிவிடும். கோடையில் ஐம்பது அடி அகலத்தில் கிடந்த மணலை இரண்டே வாரத்தில் அலை உருவிக்கொண்டு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மார்கழி பாதியிலிருந்து மாசி முடியும் வரை வானம் வெளுத்து, கடல் அடங்கி, மணல் திரும்பி வந்து சேர்ந்திருக்கும். நடைக்கு உகந்த காலம் அது. அந்த மாதங்களில் இன்னொரு வசதியும் உண்டு: சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதைப் பார்க்கலாம். கோடையில் சூரியன் வடக்கே விலகி மேற்குக் கரை நிலத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் நடந்தால் வெயில் எப்போதும் முதுகுப் பக்கம் விழும்.

பங்குனி, சித்திரையில் வருபவர்கள் கள்ளக்கடல் என்ற சொல்லை அறிந்திருக்க வேண்டும். காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறும். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்த புயல் கிளப்பிய நெடிய அலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே வந்து மோதுவதால் நேர்வது இது. கள்ளன் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம், இப்படி எச்சரிக்கை விடப்பட்டிருந்த ஒரு நாளில், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப்போனது. படித்தவர்கள், இளைஞர்கள், கூட்டமாக வந்தவர்கள். கடலுக்கு அதெல்லாம் கணக்கில்லை. எச்சரிக்கை இருக்கும் நாளில் நடையைத் தள்ளிப்போடுவதே முறை. மற்ற நாள்களிலும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சரிந்த கரையில் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவும். முழங்கால் தண்ணீரிலேயே ஆள் விழுந்துவிடுவார்.

கன்னியாகுமரியிலிருந்து கிழக்கே வட்டக்கோட்டை வரை ஆறேழு கிலோமீட்டர். சூரிய உதயம் பார்த்த கையோடு கிளம்பலாம். சின்னமுட்டத்தில் மீன்பிடித் துறைமுகம் குறுக்கிடுவதால் அங்கே கரையை விட்டுச் சாலைக்கு ஏறித்தான் ஆக வேண்டும். அய்யாவழி மக்களின் ஐந்து பதிகளில் ஒன்றான முட்டப்பதி இந்தப் பக்கத்துக் கரையில்தான் இருக்கிறது. நடையின் முடிவில் நிற்கும் வட்டக்கோட்டை, பெயரில் வட்டமாக இருந்தாலும் நாற்கோணமான கருங்கல் கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில், டச்சுப் படையிலிருந்து வந்த தளபதி டிலனாய் கட்டி வலுப்படுத்தியது. சரிவுப் பாதையில் கொத்தளத்தின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடலும், மறுபக்கம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சுகளும் தெரியும். மலை கடலுக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பதை உணர இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை.

மேற்கே திரும்பினால் முதல் துண்டு கன்னியாகுமரியிலிருந்து கோவளம் வழியாக மணக்குடி வரை. திருவனந்தபுரத்துக் கோவளம் வேறு, சென்னைக்கு அருகில் உள்ள கோவளமும் வேறு. இது குமரிக் கோவளம். விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவரும் முதுகுக்குப் பின்னால் மெல்லச் சிறுத்துக்கொண்டே வருவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடக்கலாம். நகரத்தின் கடைகளும் கூட்டமும் அரை மணி நேரத்தில் மறைந்துபோகும். இந்தக் கரை பெரிய சரக்குத் துறைமுகமாக மாறியிருக்கக்கூடும். 2016-ல் இனயத்துக்கு அறிவிக்கப்பட்ட திட்டம் பிறகு கோவளம், மணக்குடிப் பக்கம் நகர்த்தப்பட்டது. இரண்டு இடத்திலும் மீனவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். துறைமுகம் வரவில்லை, கரை கரையாகவே இருக்கிறது.

மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது. ஆற்றின் கிழக்கே கீழமணக்குடி, மேற்கே மேலமணக்குடி. ஊர்க்காரர்கள் இந்த நீர்ப்பரப்பைக் காயல் என்கிறார்கள். அது கடலோடு சேரும் வாயைப் பொழி என்கிறார்கள். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறையும்போது அலை மணலைக் கொண்டுவந்து குவித்துப் பொழியை அடைத்துவிடும். மழை வந்து காயல் நிறைந்ததும் அது உடைத்துக்கொள்ளும், அல்லது ஊரார் வெட்டிவிடுவார்கள். பொழி அடைந்திருக்கும் நாளில் மணல் திட்டின் மேல் அக்கரைக்கு நடந்துவிடலாம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். உள்ளூர் ஆளிடம் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. மேலே காய்ந்தாற்போல இருக்கும் மணலுக்கு அடியில் நீர் ஊறிக் கரைந்துகொண்டிருக்கலாம். சற்று உள்ளே தள்ளிப் பாலம் இருக்கிறது, அதில் போவதே சரி.

அந்தப் பாலத்துக்கே ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அன்றிருந்த பாலத்தைத் தூண்களிலிருந்து பெயர்த்து ஆற்றுக்குள் வீசியது. டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட் தளங்கள் அட்டைப்பெட்டி போல நகர்ந்தன. இரண்டு மணக்குடிகளிலும் வீட்டுக்கு வீடு இழவு. மாவட்டத்தில் மொத்தம் எண்ணூறு பேரளவில் இறந்தார்கள். கரையில் நடக்கும்போது பல ஊர்களில் நினைவுத்தூணைப் பார்க்கலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் போனால் அவற்றின் அடியில் மெழுகுவத்தி உருகிக் கிடக்கும்.

காயலின் ஓரத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் ஆலாக்களும் உள்ளான்களும் வந்து இறங்கும். சுசீந்திரம், தேரூர் குளங்களோடு சேர்த்து மணக்குடியும் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. ஒரு தூரநோக்கி கையில் இருந்தால் நடையை மறந்து இங்கேயே காலையைக் கழித்துவிடுவார்கள் பலர். தேங்காய் மட்டை ஊறப்போட்ட நாற்றம் காற்றில் வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். கயிறு திரிக்கும் தொழில் இந்தக் காயலை நம்பித்தான் பிழைத்து வந்திருக்கிறது.

மேலமணக்குடியிலிருந்து சொத்தவிளை, அதைத் தாண்டிப் பள்ளம், சங்குத்துறை: இந்தத் துண்டுதான் முழுக் கரையின் உயிர். சொத்தவிளையில் மட்டும் நாலு கிலோமீட்டர் அளவுக்கு மணல் தடையில்லாமல் கிடக்கிறது. கடல், மணல், அடம்பங்கொடி, அதற்கு மேலே தென்னையும் பனையும். வரிசை மாறாது. குமரி வட்டாரத்தில் விளை என்றால் தோப்பு அல்லது தோட்டம். துறை என்றால் படகு ஏறி இறங்கும் இடம். இந்த இரண்டு சொல்லை வைத்தே எது உழவர் ஊர், எது மீனவர் ஊர் என்று பல இடங்களில் பெயரிலேயே ஊகித்துவிடலாம். நெய்தல் திணைக்குச் சங்கப் புலவர்கள் அடும்பு என்று சொன்ன அடம்பங்கொடி இன்றைக்கும் அதே ஊதாப் பூவோடு காலடியில் கிடக்கிறது. ஆட்டுக் குளம்பைப் போல நடுவில் பிளந்த இலை, மணலுக்கு மேல் பல அடி ஓடும் தண்டு. வெறும் களைச்செடி என்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாது. காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கி வைப்பது இதன் வேர்தான். அந்த மேடுதான் ஊருக்கு முதல் அரண்.

தை, மாசியில் விடியலுக்கு முன் நடப்பவர்கள் டிராக்டர் சக்கரத் தடம் போன்ற ஒன்றைக் கடலிலிருந்து மேட்டை நோக்கிப் பார்க்கலாம். பங்குனி ஆமை இரவில் ஏறி வந்து முட்டையிட்டுவிட்டுப் போன தடம். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. தடத்தைக் கண்டால் தோண்டிப் பார்க்காமல் பக்கத்து ஊரில் யாரிடமாவது சொல்வது போதும்.

இந்தக் கரையில் எந்த நடையையும் கரமடி வலை இழுப்பதை நின்று பார்க்காமல் முடித்தால் அது பாதி நடைதான். விடிந்ததும் ஒரு வள்ளம் வலையை ஏற்றிக்கொண்டு கிளம்பும். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கும். வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாகச் சுற்றி வலையைத் தள்ளிக்கொண்டே வந்து, மறுமுனையை நூறு இருநூறு மீட்டர் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து கொடுக்கும். பிறகு இரண்டு அணியாகப் பிரிந்து இழுப்பார்கள். இடுப்பில் துண்டுக் கயிற்றைக் கட்டி, அதைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுப் போட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒவ்வோர் அடியாக வைக்கிறார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடிப்போய் முதல் ஆளாகத் தண்ணீருக்குள் நின்று பிடிப்பார். இப்படியே ஆள் மாறி மாறி இரண்டு மணி நேரம் போகும். இழுக்க இழுக்க இரண்டு அணிகளும் ஒன்றை ஒன்று நெருங்கி வரும். மடி கரை சேரும் கடைசிப் பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை; கடலைப் பார்த்துக்கொண்டே இழுப்பார்கள். மடிக்குள் சில நாள் சாளையும் நெத்தோலியும் வெள்ளியைக் கொட்டியது போல மினுங்கும். சில நாள் ஒரு கூடை கூடத் தேறாது, பிளாஸ்டிக் பையும் சொறிமீனும்தான். மணலிலேயே ஏலம் நடக்கும், பெண்கள் எடுத்துத் தலைச்சுமையாகவோ ஆட்டோவிலோ சந்தைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நடக்க வருபவர்கள் கயிற்றில் கை போட்டால் யாரும் தடுப்பதில்லை. ஆனால் கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது, காய வைத்த வலையின் மேல் நடக்கக் கூடாது. ஒரு கண்ணி அறுந்தால் அதைக் கோக்க ஒருவர் அரை நாள் உட்கார வேண்டும். சுற்றுலா வந்தவருக்கு அது கடற்கரை. அங்கே நிற்பவருக்கு அது பட்டறை, களம், சந்தை, எல்லாம். கேமராவை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும், கோயிலில் கூட்டம் நிறைந்திருக்கும். கோயில் என்று இங்கே சொல்வது மாதா கோயிலை. ஊர் எல்லையிலும் கரையோரத்திலும் நிற்கும் சிறு சிலுவைக் கூடத்துக்குக் குருசடி என்று பெயர். அதன் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறலாம். செருப்பை மட்டும் வெளியே விட வேண்டும்.

ஊரை ஒட்டிய சில இடங்களில் கரை சுத்தமாக இருக்காது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குப்பையும், கிழிந்த நைலான் வலையும், உடைந்த தெர்மோகோலும் ஒதுங்கிக் கிடக்கும். அந்த இடங்களில் கொஞ்ச தூரம் ஊர்ச் சாலைக்கு ஏறிக்கொள்வது நல்லது.

சங்குத்துறைக்கு மேற்கே பொழிக்கரை, பெரியகாடு, ராஜாக்கமங்கலம் துறை என்று கரை தொடர்கிறது. மணல் இருக்கிறது, அழகும் இருக்கிறது. ஆனால் நீரோட்டம் இழுக்கும் கரை இது. கால்வாய் வாய்களும் குறுக்கிடும். முதல்முறை வருபவர்கள் இதை விட்டுவிட்டு நேராக முட்டத்துக்குப் பேருந்து ஏறுவதே நல்லது.

முட்டம் வேறு மாதிரியான இடம். இதுவரை மணலாக ஓடிவந்த கரை இங்கே பாறையாக எழுந்து கடலுக்குள் மூக்கை நீட்டுகிறது. மேட்டின் மேல் கலங்கரை விளக்கம். அதைச் சுற்றிச் செம்மண் தேரி. மழைநீர் அந்தச் செம்மண்ணை அரித்து அரித்து ஆளுயர ஓடைகளாக வகிர்ந்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு மண், கீழே கறுத்த பாறை, அதற்கும் கீழே நீலம். பாரதிராஜா 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்துக்கும் 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’ படத்துக்கும் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மேட்டிலிருந்து இறங்கிக் கடியப்பட்டணம் வரை நடக்கும் நடை தூரத்தில் சிறியது, பார்க்கப் பெரியது. பாறைகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஈரம் காயாத பாறையில் பச்சையாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பு தெரிந்தால் அதுவரைக்கும் அலை ஏறுகிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும்.

கடியப்பட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேர்கிறது. அதைத் தாண்டினால் சின்னவிளை, பெரியவிளை, மணவாளக்குறிச்சி. இங்கே மணலின் நிறமே மாறுகிறது. அலை பின்வாங்கிய இடத்தில் கறுப்பும் கருஞ்சிவப்பும் வரிவரியாகப் படிந்திருக்கும், சேலைக் கரை போல. ஒரு கை மணலை அள்ளி வெயிலில் விரித்துப் பார்த்தால் மூன்று நான்கு வகை மணிகள் தனித்தனியாகத் தெரியும்: உலோகக் கறுப்பில் இல்மனைட், மாதுளை முத்துப் போல கார்னெட், கண்ணாடித் துணுக்குப் போல சிர்கான், தேன் நிறத்தில் மோனசைட். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக உதிர்ந்து ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்தன. அலைகள் அவற்றைச் சலித்து, இலேசானதைக் கொண்டுபோய்க் கனமானதைக் கரையில் விட்டன. சுளகில் அரிசி புடைப்பது போலத்தான். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அன்றிலிருந்து மணல் இங்கே சரக்காகிவிட்டது. இன்று மத்திய அரசின் அரிய மணல் ஆலை மணவாளக்குறிச்சியில் இயங்குகிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அதனால் இந்தப் பகுதியின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். சில மணி நேரம் நடந்து போகிறவருக்கு அது பொருட்டல்ல. தலைமுறை தலைமுறையாக அதன் மேல் குடியிருப்பவர்கள்தான் மணல் எடுப்பதைப் பற்றி அச்சத்தோடு பேசுகிறார்கள். அந்தப் பேச்சைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அங்கிருந்து மண்டைக்காடு கூப்பிடு தூரம். பகவதியம்மன் கோயிலில் மூலவர் சிலை வடிவில் இல்லை. வளர்ந்து நிற்கும் புற்றே அம்மன். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவதால் பெண்களின் சபரிமலை என்று பெயர். மாசியில் பத்து நாள் கொடை விழா. அந்த நாள்களில் கடலில் கால் நனைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் மணலே தெரியாது. அமைதியாக நடக்க நினைப்பவர்கள் கொடை முடிந்த பிறகு போகலாம். கூட்டத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கொடை நாள்கள்தான் சரியான நேரம்.

மண்டைக்காட்டைத் தாண்டினால் கொட்டில்பாடு, பிறகு குளச்சல். 1741 ஆகஸ்ட் 10 அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர்ப் படை இந்தக் கரையில்தான் தோற்கடித்தது. அதன் நினைவாக ஊரில் ஒரு தூண் நிற்கிறது. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியானார். வட்டக்கோட்டையைக் கட்டியவர் இவர்தான். 1777-ல் இறந்தபோது உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் தமிழும் இலத்தீனும் இருக்கின்றன. கிழக்கே அவர் எழுப்பிய கோட்டையில் தொடங்கி, அவர் தோற்றுப் பிடிபட்ட கரையில் நடை முடிகிறது என்று சொல்லலாம்.

குளச்சலுக்கு மேற்கே ஏன் நடை இல்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும். கரையோரமாக மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் துறைமுகச் சுவரோ, ஊர்க்காரர்கள் தூண்டில் வளைவு என்று சொல்லும் கல் வளைவோ கடலுக்குள் நீட்டினால், ஒரு பக்கம் மணல் தங்கும். அதனால் மறுபக்கத்து ஊருக்கு வர வேண்டிய மணல் வராது. அங்கே வீட்டு வாசல் வரை கடல் வரும். அந்த ஊர் மக்கள் கல் போடச் சொல்லிப் போராடுவார்கள், கல் வரும். கல்லில் மோதும் அலை முன்னால் இருக்கிற கொஞ்ச மணலையும் வாரிக்கொண்டு போகும். பிறகு அடுத்த ஊர். இப்படி ஒவ்வோர் ஊராகக் கரை கல்லாகிவிட்டது. வீடு இடிந்து விழும்போது கல் கேட்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டுமரத்தை ஏற்றி வைத்த இடம், வலை பின்னிய இடம், பிள்ளைகள் பந்து விளையாடிய இடம் எல்லாம் போனது போனதுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஆழ்கடலில் பலரைக் கொண்டுபோன தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்கள் இந்தப் பக்கம்தான். அங்கே போனால் கல் சுவரின் பின்னால் உள்ள தெருவில் நடக்கலாம். கடல் காதில் விழும், கண்ணில் படாது. தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ வாசித்தவர்கள் அதன் களமான தேங்காய்ப்பட்டணத்தை மட்டுமாவது பார்த்துவிட்டு வரலாம். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடம் அது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஊர் முக்கில் தேநீர்க் கடையும், நண்பகலில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும். கோடை தொடங்கும்போது வந்தால் அக்கானி கிடைக்கும். வெளியூரில் பதநீர் என்பார்கள். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் வழி முழுக்கத் தின்னலாம். மணலில் நிழல் கிடையாது என்பதால் தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் எந்த நடையும் தண்டனைதான்.

நாகர்கோவிலிலிருந்து மணக்குடி, முட்டம், மண்டைக்காடு, குளச்சல் எல்லா ஊருக்கும் அரசுப் பேருந்து உண்டு. நடந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. எந்த ஊரில் கால் சலிக்கிறதோ அங்கே மேலேறிச் சாலைக்கு வந்தால் பேருந்து வரும். ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் மாசி மாதம், ஞாயிறு அல்லாத ஒரு நாளில், விடியும் முன் மேலமணக்குடியில் இறங்கிச் சங்குத்துறை வரை நடக்கட்டும். அங்கே மணல் இன்னும் இருக்கிறது.